மாளுகின்ற இருதய அணுக்களைக் காண வேண்டும்

மாரடைப்பு கண்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அடைபட்ட ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் ஒன்றை உள்ளே பொருத்தி, உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று வைத்தியர் வெளியே வந்து சொன்னவுடன், வராந்தாவில் நிற்கும் உறவினர் பெருமூச்சு விட்டுக் கேட்கின்ற அடுத்த கேள்வி, 'இருதயம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது?' என்பதே. இதைவிட நியாயமான கேள்வி வேறு இருக்க முடியாது. நோயாளி இனிமேல் மாடிப்படி ஏறுவாரா, பழைய வேலைக்குத் திரும்புவாரா, ஐந்து வருஷம் கழித்து மூச்சுத் திணறிப் படுக்கையில் விழுவாரா என்பவையெல்லாம் அந்த ஒரு விடையைப் பொறுத்தவை. ஆயினும் அந்த நாளில், அந்த மணி நேரத்தில், இக்கேள்விக்குத் திட்டமான விடை கூறும் ஆற்றலை வைத்திய சாஸ்திரம் இன்னும் பெற்றுவிடவில்லை.

வைத்தியரிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. சிதைந்த இருதயத் தசை அணுக்களிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளந்து, சேதம் நேர்ந்திருக்கிறது என்பதையும் அது சிறிதா பெரிதா என்பதையும் அவர் அறிவார். எக்கோ பரிசோதனையில் இருதயச் சுவரின் எந்தப் பகுதி அசைவற்றுக் கிடக்கிறது என்று பார்ப்பார். கடோலினியம் என்ற உலோகச் சேர்மத்தை ஊசி மூலம் செலுத்தி எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால், சிதைந்துபோன தசையும், பிற்பாடு அந்த இடத்தில் உண்டாகும் தழும்பும் வெண்மையாகத் துலங்கக் காண்பார். ஆனால் ட்ரோபோனின் எந்த இடத்தில் சேதம் என்று சொல்வதில்லை. எக்கோவில் அசைவற்றுத் தோன்றும் தசை செத்துவிட்டதா, அதிர்ச்சியில் மயங்கிக் கிடந்து சில வாரங்களில் மீளப்போகிறதா என்று விளங்குவதில்லை. கடோலினியமோ நடந்து முடிந்ததைத்தான் காட்டுகிறது. நம் தர்க்க நூலார் வகுத்த பிரமாணங்களை வைத்துச் சொன்னால், இருதய அணுக்களின் மரணத்தைப் பொறுத்தமட்டில் வைத்தியர் இதுநாள்வரை அனுமானத்தைக் கொண்டே காரியம் நடத்திவருகிறார். அந்த மரணத்தை அது நிகழும்போதே பிரத்தியட்சமாகக் காண்பதற்கு ஒரு வழி ஆய்வுக்கூடத்தில் பிறந்து இருபது ஆண்டுகளாகிவிட்டன; ஆயினும் அது நோயாளியின் கட்டிலருகே வந்து சேரவில்லை. அதனை வந்து சேரச் செய்வது வியாபாரிகளின் லாபக் கணக்குக்கு விடத்தக்க விஷயமன்று என்பதும், பொதுப்பணத்தைக் கொண்டு அரசுகள் நிறைவேற்ற வேண்டிய கடமை என்பதும் என் அபிப்பிராயம்.

இருதய அணுக்களின் மரணத்துக்கு மட்டும் இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். தோலும் குடலின் உட்சுவரும் நாள்தோறும் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஈரல், வெட்டியெடுத்த பாகத்தையும் மறுபடி வளர்த்துக்கொள்ளும் வல்லமை படைத்தது. இருதயத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேனும் அவருடைய சகாக்களும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை அளந்தே காட்டியது. வல்லரசுகள் 1963 வரையில் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் பெருகி, பயிரின் வழியாகவும் உணவின் வழியாகவும் மனித உடலுக்குள் புகுந்து, அக்காலத்தில் பிறந்த ஒவ்வோர் உயிரணுவின் மரபுப்பொருளிலும் முத்திரையாகப் பதிந்துவிட்டது. அந்த முத்திரையைப் படித்து, இருதய அணுக்கள் எப்போது பிறந்தவை என்று அவர்கள் கணக்கிட்டபோது, 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்திலும், 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவாகவுமே அவை புதுப்பிக்கப்படுகின்றன என்று தெரியவந்தது. அழிவுக்கென்று செய்த குண்டின் எச்சம் இருதயத்தின் ஆயுட்கணக்கை நமக்குச் சொல்ல நேர்ந்ததை எண்ணும்போது மனம் திகைக்கிறது. இடது கீழறையில் இருக்கும் தசை அணுக்கள் 200 முதல் 400 கோடி வரை என்றும், பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்துக்குள் அவற்றில் 100 கோடி வரையில் கொண்டுபோய்விடக்கூடும் என்றும் அறிஞர் மதிப்பிட்டிருக்கிறார்கள். போனவை போனவையே, ஆகையால் போகாமல் தடுப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்குள் நுழையுமுன், உயிரணு எவ்விதம் சாகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ரத்தம் அறவே நின்றுபோன இடத்தில் அணு வீங்கி, அதன் உறை கிழிந்து, உள்ளிருக்கும் பொருள் வெளியே சிதறி, சுற்றுப்புறத்தையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது; இது பலாத்கார மரணம். இதனினும் அமைதியான மற்றொரு மரணம் உண்டு என்பதை ஆஸ்திரேலிய நோய்க்குறி நூலாரான ஜான் கெர் என்பவரும், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான வைலி, கர்ரி என்ற இருவரும் 1972-இல் விளக்கி, அதற்கு அபோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இவ்வகை மரணத்தில் அணு தனக்குள்ளேயே இருக்கும் ஒரு விதிப்படி படிப்படியாகச் சுருங்கி, தன் மரபுப்பொருளைத் தானே துண்டித்து, உறை கிழியாமலே சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அண்டையிலிருக்கும் விழுங்கணுக்களுக்கு இரையாகி மறைகிறது. இந்த முறையில் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே மணிக்கணக்கான அவகாசம் இருக்கிறது. நம்பிக்கைக்கு இடம் தருவது அந்த அவகாசம்தான்.

சாகத் தொடங்கிய அணு தன் நிலையை வெளியே அறிவிக்கவும் செய்கிறது. உயிரணுவின் உறை இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. பாஸ்பாட்டிடில்செரின் என்ற ஒருவகைக் கொழுப்பு, அணு நலமாக இருக்கும்வரை, உள்ளடுக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அதனை அங்கே நிறுத்திவைப்பதற்கென்றே அணு இடைவிடாமல் சக்தியைச் செலவழிக்கிறது. மரண விதி தொடங்கியதும் அந்தக் காவல் நீங்கி, அக்கொழுப்பு வெளியடுக்குக்கு வந்துவிடுகிறது; விழுங்கணுக்கள் அதைக் கண்டே தமக்குரிய இரையை அடையாளம் அறிகின்றன. விழுங்கணு கண்டுகொள்ளும் அந்த அடையாளத்தை மனிதனும் கண்டுகொள்ள உதவியது அனெக்சின் என்ற புரதம். இதனை 1985-இல் ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் கிறிஸ் ராய்டெலிங்ஸ்பெர்கர் முதலானோர் மனிதத் தொப்புள்கொடியின் ரத்தக்குழாய்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் என்ற அளவிலேதான் அன்று அதைக் கருதினார்கள். கால்சியத்தின் துணையோடு அது பாஸ்பாட்டிடில்செரினைத் தேடிப் பற்றிக்கொள்ளும் என்பது தெரிந்த பிற்பாடு, சாகும் அணுவைக் காட்டும் சாதனமாக அது உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவிற்று.

அதே மாஸ்ட்ரிக்டில், லியோனார்ட் ஹாஃப்ஸ்ட்ராவும் அவருடைய குழுவினரும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை அனெக்சினோடு பிணைத்து, மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 7 பேருக்கு, அடைப்பு நீங்கி இரண்டு மணி நேரம் சென்றபின் ஊசி மூலம் செலுத்திப் படம் எடுத்தார்கள். 6 பேருடைய இருதயத்தில், பாதிக்கப்பட்ட பகுதியிலேயே அது சேர்ந்து நின்றதைக் கண்டு 2000-ஆம் ஆண்டில் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் இருதயத்தில் அணுக்கள் மாளுவதை வெளியிலிருந்து பார்த்த முதற்காட்சிகளுள் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே ஜகத் நருலா முதலியோர், மாற்று இருதயம் பொருத்தப்பட்ட 18 பேரிடம் இதே முறையைக் கையாண்டு, 5 பேரிடம் அனெக்சின் சேர்ந்திருப்பதையும், அவர்களுடைய திசுத்துண்டைச் சோதித்தபோது உடல் அந்த இருதயத்தை நிராகரிக்கும் அடையாளங்கள் காணப்பட்டதையும் அறிவித்தார்கள்.

இத்தனை நல்ல ஆரம்பம் இருந்தும் அந்த முறை வைத்திய வழக்கத்துக்கு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் படத்தின் தெளிவின்மை. கதிரியக்கப் படத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் இருப்பவற்றைப் பிரித்துக் காண்பது அரிது. இடது கீழறையின் சுவரே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனம்தான். ரத்தம் தடைபட்டால் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கும் மரணம் வெளிப்பக்கத்தை நோக்கி அலையாகப் படர்கிறது என்பதை ரைமர், ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1977-லேயே நாய்களிடம் செய்த பரிசோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். உட்பக்கம் செத்து, நடுப்பக்கம் சாகத் தொடங்கி, வெளிப்பக்கம் பிழைத்திருக்கும் அந்தச் சுவரில், எது எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டுமானால், இன்னும் கூர்மையான பார்வை தேவை. எம்.ஆர்.ஐ. படத்துக்கு அந்தக் கூர்மை உண்டு. அனெக்சினை அந்தப் படத்தில் தெரியும்படி செய்வது எப்படி என்பதே பிரச்னையாக நின்றது.

அதனைத் தீர்த்தவர்கள் போஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டேவிட் சோஸ்னோவிக், லீ ஜோசப்ஸன், ரால்ஃப் வைஸ்லெடர் முதலான ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் இரும்பு. துருவுக்கு உறவான இரும்பு ஆக்சைடுதான். அதன் மிகமிகச் சிறிய மணியைச் சுற்றி டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருளால் ஒரு போர்வை நெய்து, அப்போர்வை கழன்றுவிடாமல் குறுக்கே பிணைத்து, அதன்மேல் அனெக்சின் மூலக்கூறுகளையும், கண்ணுக்குப் புலப்படாத சிவப்பில் ஒளிரும் ஒரு சாயத்தையும் ஒட்டவைத்தார்கள். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தத் துகள் அத்தகைய பங்குகளில் சில பத்துகளே கொண்டது. ரத்தத்தில் மிதந்து செல்லும் துகளை அனெக்சின், சாகும் அணுவின் மேல் கொண்டுபோய் நிறுத்தும். நின்ற இடத்தில் இரும்பு, சுற்றிலுமுள்ள காந்தப்புலத்தை நுட்பமாகக் கலைக்கும். கலைந்த இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துத் தோன்றும். பிற்பாடு இருதயத்தை வெளியே எடுத்துச் சாயத்தின் ஒளியைப் பார்த்தால், படம் சொன்னது மெய்தானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே துகளில் காட்சியையும் சாட்சியையும் அமைத்த இந்த யோசனையின் அழகு என்னை மிகவும் வசீகரிக்கிறது.

2005-இல் வெளியான அவர்களுடைய பரிசோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். நிமிஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிப்பதும், முழுவதும் சேர்ந்தாலும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே எடையுள்ளதுமான சுண்டெலியின் இருதயத்தில், முன்புறத்து ரத்தக்குழாயைச் சிறிது நேரம் கட்டிப் பின் அவிழ்த்துவிட்டார்கள். 5 எலிகளுக்கு அனெக்சின் ஒட்டிய துகளும், 4 எலிகளுக்கு அனெக்சின் இல்லாத வெறுந்துகளும், உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் இரும்பு என்ற ஒரே அளவில் செலுத்தப்பட்டன. காந்தச் சமிக்ஞை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைக் காட்டும் நேர அளவு, வெறுந்துகள் பெற்ற எலிகளின் இருதயத்தில் 13.2 மில்லி விநாடியாக இருக்க, அனெக்சின் துகள் பெற்றவற்றில் 8.1 மில்லி விநாடியாகக் குறைந்திருந்தது. அதாவது, இரும்பு வெறுமனே வழிதவறித் தேங்கவில்லை, அனெக்சின் அழைத்துச் சென்ற இடத்திலேதான் நின்றது. வெளியே எடுத்த இருதயங்களில் சாயத்தின் ஒளியும் அதையே உறுதிப்படுத்திற்று. ஒன்பது சிற்றுயிர்களின் துணையால் கிடைத்த இந்த ஞானத்தை வீணாக்காமலிருப்பது நம் பொறுப்பு என்று நான் கருதுகிறேன்.

இதே குழுவினர் 2009-இல் வெளியிட்ட இரண்டு ஆராய்ச்சிகள் இன்னும் ஆழமானவை. முதலாவதில், இரும்புத் துகளோடு கடோலினியத்தையும் சேர்த்துச் செலுத்தி, ரத்தம் திரும்பிய நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் படம் எடுத்தார்கள். உறை கிழிந்து செத்த அணுக்கள் இருக்கும் இடத்தைக் கடோலினியம் காட்டும். சாகும் விதி தொடங்கிய அணுக்களை அனெக்சின் காட்டும். இரண்டையும் ஒருங்கே பார்த்தபோது, சுவரின் நடுப்பகுதியில், அனெக்சின் பற்றியிருந்தும் உறை இன்னும் கிழியாத அணுக்கள் ஏராளமாக இருக்கக் கண்டார்கள். மரணத்தின் வாசலில் நிற்கும் அணுக்கள் அவை. அங்கிருந்து திரும்பி வருதல் சாத்தியமா என்பதற்கு, ராய்டெலிங்ஸ்பெர்கர், நருலா ஆகியோர் பங்குகொண்ட வேறோர் ஆராய்ச்சி 2010-இல் விடை தந்தது: சிறிது நேரம் மட்டும் ரத்தம் தடைபட்ட விலங்கு இருதயங்களில், பாஸ்பாட்டிடில்செரினை வெளியே காட்டிய அணுக்கள் அதை மறுபடி உள்ளிழுத்துக்கொண்டு உயிர் பிழைத்தன. ஸ்டென்ட் பொருத்தி ரத்தம் ஓடத் தொடங்கியதோடு வைத்தியம் முடிந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த மணி நேரங்களில், ஒரு பெரும் தசைப்பகுதியின் கதி நிர்ணயமாகாமலே இருக்கிறது என்பது இவற்றால் விளங்குகிறது.

இரண்டாவது ஆராய்ச்சி, மாரடைப்பு அல்லாத, வருஷக்கணக்காக நீடிக்கும் இருதயப் பலவீனத்தைப் பற்றியது. இந்நோயில் ஒரே சமயத்தில் சாகும் அணுக்கள் மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பமும் போதும். 2003-இல் வெளியான ஒரு பரிசோதனையில், லட்சம் அணுவுக்கு 23 என்ற அளவில் மட்டும் அணுக்கள் சாகும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் இருதயம் சில மாதங்களில் விரிந்து தளர்ந்து அவை மாண்டன. சாதாரண எலிகளில் அந்த எண்ணிக்கை ஒன்று அல்லது இரண்டுதான். பலவீனமுற்ற மனித இருதயங்களிலோ லட்சத்துக்கு 80 முதல் 250 வரை காணப்பட்டதாக அதற்கு முன்பே குறிப்புகள் உண்டு. கரையான் அரிக்கும் உத்தரம் பார்வைக்கு முழுமையாகவே நின்று, ஒருநாள் முறிந்து விழுவதற்கு ஒப்பாக, எக்கோவில் பல காலம் குறை தெரியாமலிருந்து, பின்பு தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. போஸ்டன் குழுவினர், மரபணு மாற்றத்தால் இருதயம் பலவீனமடையும் சுண்டெலிகளில், இவ்வாறு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகும் அணுக்களையும் அனெக்சின் துகளைக் கொண்டு எம்.ஆர்.ஐ. படத்தில் காண முடியும் என்று நிரூபித்தார்கள்.

இனி, காண முடியாமையால் நாம் இழப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த உதாரணம்தான். அடைப்பு நீங்கி ரத்தம் திடீரென்று பாயும்போது, அந்தப் பாய்ச்சலே சில அணுக்களைக் கொல்கிறது என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். இதனைத் தடுக்க, சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை ஸ்டென்ட் பொருத்துவதற்குச் சற்று முன்பு கொடுத்துப் பார்த்த பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள், 58 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் சேதம் குறைந்ததாக 2008-இல் அறிவித்தார்கள். உலகம் மகிழ்ந்தது. பின்னர் 970 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 58 பேரும், ஒரு வருஷத்துக்குள் மரணம், இருதயப் பலவீனம், கீழறை விரிதல் முதலிய துன்பங்களுள் ஏதேனும் ஒன்றை அடைந்திருந்தார்கள். மருந்தால் பலனில்லை என்று தீர்ப்பாயிற்று.

அந்தத் தீர்ப்பு நேர்மையானது. ஆனால் ஏன் பலனில்லை என்பது இன்றளவும் தெளிவுபடவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். மருந்து உரிய தசையைச் சென்று சேர்ந்ததா? சேர்ந்த வேளையில் அங்கே காப்பாற்றத் தக்க அணுக்கள் இருந்தனவா, அல்லது எல்லாம் முன்னமே செத்துவிட்டிருந்தனவா? சிலருக்குப் பெரும் நன்மையும் பலருக்கு ஒன்றுமின்மையும் விளைந்து, கூட்டிப் பார்க்கையில் நன்மை கரைந்துபோயிற்றா? சாகும் அணுக்களை அன்றைய தினமே காணும் வசதி இருந்திருந்தால், யாருடைய இருதயத்தின் நடுச்சுவரில் மீட்கத்தக்க தசை மிகுந்திருக்கிறது என்று பார்த்து, அத்தகைய சில டஜன் நோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்து, மறுநாள் படத்திலேயே விடை கண்டிருக்கலாம். 970 குடும்பங்கள் நம்பி ஒப்புக்கொடுத்த ஒரு பெருமுயற்சி, இன்னும் நுட்பமான பாடத்தைக் கற்பித்திருக்கக்கூடும். இருதயத்தைக் காக்கும் என்று விலங்குகளிடம் நிரூபணமாகி, மனிதரிடம் தோற்ற மருந்து இது ஒன்று மட்டும் அன்று. அவற்றுள் மெய்யாகவே பயனற்றவை எவை, கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்ததால் தோற்றவை எவை என்று பிரித்தறிய நமக்கு வழியில்லை.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. மாரடைப்பு நேர்ந்த தசைக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால், அந்த ரத்தத்திலுள்ள இரும்பும் படத்தில் கறுப்பாகவே தோன்றும். துகளின் கறுப்பையும் கசிவின் கறுப்பையும் பிரித்தறிவது எளிதன்று. உறை கிழிந்த அணுவின் உள்ளே புகுந்தும் அனெக்சின் பற்றிக்கொள்ளும் என்பதால், அது காட்டுவதெல்லாம் மீட்கத்தக்க அணுவாகிவிடாது. ஊசி போடுமுன் ஒரு படமும் பின் ஒரு படமும் எடுத்து ஒப்பிடுவதாலும், கடோலினியத்தை உடன் சேர்ப்பதாலும் இவ்விரண்டு குறைகளையும் பெருமளவு சமாளிக்கலாம் என்றே தோன்றுகிறது. உயிருக்குப் போராடும் நோயாளியை எம்.ஆர்.ஐ. அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதா என்று கேட்பவர்களுக்கு, அடைப்பை நீக்குவதில் ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே என்று சொல்வேன். நான் சொல்லும் படம் அடைப்பு நீங்கி, நோயாளி நிலைபெற்ற பிறகு எடுப்பது.

மிகவும் கனமான ஆட்சேபம், உடலுக்குள் செலுத்தும் துகளின் பாதுகாப்பைப் பற்றியது. இங்கே எச்சரிக்கையாக இருக்கக் காரணம் உண்டு. கெடுதலற்றது என்று பல்லாண்டு நம்பப்பட்ட கடோலினியம், சிறுநீரகம் பழுதுற்ற சிலருக்குத் தோலும் உறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோயைத் தந்தது 2006 வாக்கில்தான் தெரியவந்தது. இரும்பின் நிலை இதனினும் ஆறுதலானது. உடலுக்கு அது அந்நியப் பொருளன்று, துகள் கரைந்தபின் அந்த இரும்பை உடல் தன் சொந்தக் கையிருப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்புத் துகள் மருந்து, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கென்று அமெரிக்காவில் 2009-இல் அனுமதி பெற்று வழக்கத்தில் இருக்கிறது. ஒரு தடவைக்கு அதில் கொடுக்கப்படும் இரும்பு 510 மில்லிகிராம். போஸ்டன் எலிகளுக்குக் கொடுத்த அளவை அப்படியே 60 கிலோ எடையுள்ள மனிதனுக்குப் பெருக்கினாலும் 120 மில்லிகிராம்தான் ஆகிறது. எலிக்கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது எனினும், அளவு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இது காட்டும். அதே ஃபெருமாக்ஸிடால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கியதால், 2015-இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட கடுமையான எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டதையும் மறைக்கலாகாது. மெதுவாகச் செலுத்துவதும், பக்கத்திலிருந்து கவனிப்பதும் அவசியம். ஆயினும், இத்தனை ஆண்டுகள் மனிதருக்குக் கொடுத்து, நன்மையும் தீமையும் தெரிந்துகொண்ட ஒரு துகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் அனெக்சினை ஒட்டி முன்னேறுவது, ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். போஸ்டன் குழுவினரே தம்முடைய பிற்கால ஆராய்ச்சிகளில் இந்தத் துகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

அப்படியிருக்க, தடை எங்கே இருக்கிறது? நோயாளி ஆயுள் முழுவதும் தினம் ஒன்றாக விழுங்கும் மாத்திரையைக் கண்டுபிடிப்பவனுக்குக் கிடைக்கும் லாபம், ஒருதரம் போட்டுப் படம் எடுக்கும் ஊசியைக் கண்டுபிடிப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மனிதனுக்குக் கொடுக்க அனுமதி பெறுமுன் நடத்த வேண்டிய பரிசோதனைகளும் அவற்றின் செலவும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஈரல் நோயைக் காட்டுவதற்கென்று 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த இரும்புத் துகள் மருந்து ஒன்று, பிற்பாடு விற்பனையிலிருந்து பின்வாங்கப்பட்டதை இத்துறையிலுள்ளவர்கள் வருத்தத்தோடு நினைவுகூர்வார்கள். எலியிடம் வென்ற துகளுக்கும் மனிதனுக்குக் கொடுக்கத்தக்க மருந்துக்கும் இடையே இருக்கும் அந்த நீண்ட தூரத்தை வியாபாரம் கடக்கவில்லை. கடக்கும் என்று இனியும் காத்திருப்பதற்கு நியாயமில்லை. இந்த ஞானத்தின் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப்பணத்தால் வளர்ந்தது. எஞ்சியிருக்கும் தூரத்தையும் அதே பணம் கடக்க வேண்டும். இருதயத்தைக் காக்கும் மருந்துகளைத் தேடும் எந்தப் பெரிய ஆய்வுக்கும் பொதுநிதி கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கை இத்தகைய படமெடுக்கும் முறைக்கென்று ஒதுக்க வேண்டுமென்று நிதி தரும் ஸ்தாபனங்கள் நிபந்தனை விதிக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மாரடைப்பு நோயாளியிடம் நேரம் இல்லை. அவசரம் இல்லாத இடத்தில் முதலில் பழகிக்கொள்வது விவேகம். மார்பகப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் டாக்ஸோரூபிஸின் என்ற மருந்து, புற்றணுக்களோடு இருதய அணுக்களையும் கொல்லும் என்பது பல பதிற்றாண்டுகளாகத் தெரிந்தது. அதனால்தான் ஆயுளில் மொத்தம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்த வரம்பு எல்லோருக்கும் பொதுவானது. சிலருடைய இருதயம் அதற்கு வெகு முன்பே தளர்கிறது, வேறு சிலர் அதைத் தாண்டியும் தாங்கக்கூடியவர்களாக இருந்தும் மருந்து நிறுத்தப்பட்டு, புற்றுநோயின் கையில் விடப்படுகிறார்கள். மருந்து கொடுக்கும் தேதி முன்கூட்டியே தெரிந்தது, நோயாளி நடந்தே எம்.ஆர்.ஐ. அறைக்கு வரக்கூடியவர், ஒவ்வொரு தவணைக்குப் பின்பும் அவருடைய இருதயத்தில் அணுக்கள் மாளுகின்றனவா என்று பார்த்து, அவருக்கென்று வரம்பு கட்டலாம். மாற்று இருதயம் பெற்றவர்களோ இதைவிடப் பொருத்தமானவர்கள். உடல் அந்த இருதயத்தை நிராகரிக்கிறதா என்று அறிய, முதல் வருஷத்தில் பல தடவை, கழுத்து ரத்தக்குழாயின் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, இருதயச் சுவரிலிருந்து சிறு சிறு தசைத் துண்டுகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துப் பார்க்கிறார்கள். எப்படியும் துண்டு எடுக்கப்படுகிறதாகையால், துகள் காட்டும் படம் சரியா தவறா என்பதை அந்தத் துண்டைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம். நோயாளிக்குக் கூடுதலாக நேர்வது ஓர் ஊசியும், மெஷினுக்குள் சற்று நேரம் அசையாமல் படுத்திருப்பதும்தான். நருலா முதலியோர் 18 பேரைக் கொண்டு 2001-இல் காட்டிய வழி அது. அதே பரிசோதனையை, கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாக இரும்புத் துகளை வைத்து, இருதய மாற்று சிகிச்சை நிறைய நடக்கும் நாலைந்து ஆஸ்பத்திரிகளில் பொதுச்செலவில் மீண்டும் நடத்தினால், இந்த முறை மனிதனுக்கு உதவுமா உதவாதா என்பது சில வருஷங்களில் தெரிந்துவிடும்.